பஞ்சாரம் முதல் கம்பிக்கூண்டு வரை

தமிழ்நாட்டில் கோழிக்கென்று கொட்டகை கட்டும் வழக்கம் பரவலாக வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு கோழிக்கு வேண்டியிருந்ததெல்லாம் இரவில் அடைய ஓர் இடம். பகல் முழுக்கக் குப்பைமேட்டிலும் களத்திலும் மாட்டுத்தொழுவத்திலும் கிளறித் தின்னும். பொழுது சாய்ந்தால் தானாக வீடு திரும்பும். திண்ணைக்கு அடியில் மண் பூசிய ஒரு பொந்து, வாயை அடைக்க ஒரு பலகை, பலகைக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல், இவ்வளவுதான் கோழிக்கூடு. சில வீடுகளில் அதுவும் கிடையாது. புளியமரத்திலோ முருங்கையிலோ ஏறிக் கிளையில் அடைந்துவிடும்.

மரமேறுவது அதன் பிறவிக் குணம். வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, இரவில் கிளையிலும் பகலில் தரையிலும் வாழும் தென்கிழக்கு ஆசியக் காட்டுப் பறவை. இந்தியத் தீபகற்பக் காடுகளுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியின் பங்கும் அதன் இரத்தத்தில் உண்டு. பல வளர்ப்புக் கோழிகளில் காணும் மஞ்சள் தோலுக்கான மரபணு இந்தப் பறவையிடமிருந்தே வந்தது என்று 2008-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. தரையைக் கிளறுவது, புழுதியில் குளிப்பது, உயரத்தில் அடைவது, மறைவில் முட்டையிடுவது ஆகிய நான்கும் காட்டிலிருந்து கோழி கொண்டுவந்த பழக்கங்கள். பின்னாளில் வந்த ஒவ்வொரு வளர்ப்பு முறையையும் இந்த நான்கில் எதை விட்டுவைத்தது, எதைப் பறித்தது என்று பார்த்தே அளக்கலாம்.

தமிழர் வீட்டில் கோழி குடியேறியது மிகப் பழைய காலத்தில். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தங்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த காட்சி அது. ஆனால் கோழி அவிழ்த்துவிடப்பட்டு வளர்ந்தது என்பதற்கும், நெல்லுக்கும் கோழிக்கும் நடுவே காவல் நின்றது பெண் என்பதற்கும் அதுவே சான்று. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே கோழி ஒன்று யானையை எதிர்த்து வென்றதாகக் கதை சொல்வார்கள். விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் சேவலின் உருவமும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. வீரனுக்குச் செய்யும் மரியாதையை ஊர் ஒரு சேவலுக்குச் செய்திருக்கிறது. கட்டுச்சேவல் மற்றக் கோழிகளோடு சேராமல், காலில் கயிறு கட்டித் தனியே வளர்க்கப்பட்டது. தனித் தீவனம், தனிக் கவனிப்பு என்று கோழிக்கு முதலில் செய்தவர்கள் சேவற்கட்டுக்காரர்களாகவே இருந்திருக்க வேண்டும். பெருவிடை எனப்படும் உயரமான இனம் அவர்கள் கைவழியாகவே தூய்மை கெடாமல் வந்தது.

குடும்பக் கோழிக்கான கருவிகளில் முதன்மையானது பஞ்சாரம். மூங்கில் பிளாச்சுகளால் குடை போலக் கவிழ்த்து முடைந்த கூடை. உச்சியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். குடாப்பு என்றும் சொல்வதுண்டு. தாயையும் குஞ்சுகளையும் மூடிவைக்க, விற்கப் பிடித்த கோழியை அடைக்க, புதிதாக வாங்கி வந்த கோழியை இரண்டு மூன்று நாள் இடம் பழக்க, எல்லாவற்றுக்கும் அதுவே பயன்பட்டது. காற்று வரும், வெளிச்சம் வரும், பருந்து வராது. எடை இல்லாததால் தினமும் இடம் மாற்றலாம். ஒரே இடத்தில் எச்சம் சேராது. பிற்காலக் கொட்டகைகள் பெருஞ்செலவில் தேடிய காற்றோட்டத்தையும் சுத்தத்தையும் ஒரு கூடை தந்துகொண்டிருந்தது.

அடை வைப்பது ஒரு தனிக் கலை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். உடல் சூடேறும், குரல் மாறும், தொட்டால் சிலிர்த்துக்கொண்டு கொத்தவரும். அகன்ற சட்டியிலோ கூடையிலோ மணலோ தவிடோ வைக்கோலோ பரப்பி, அதன் மேல் முட்டைகளை அடுக்கி, இருட்டான மூலையில் வைப்பார்கள். இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடும் என்ற நம்பிக்கையில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் உடன் வைக்கப்படும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கருக்கூடாததை முன்பே எடுத்துவிடுவார்கள், தவறியது கூமுட்டையாகும். தாய்க்கோழி ஒரு நாளில் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டும். ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் தள்ளும். இரை எடுக்கச் சிறிது நேரமே இறங்கும். 21-ஆம் நாள் ஓடு விரிசல் விடும். குஞ்சு பொரித்த பிறகு சூடு தருவது, இரை காட்டுவது, பருந்தைக் கண்டால் எச்சரித்து இறக்கைக்குள் அணைப்பது எல்லாம் தாயின் வேலை. கரையான் புற்றை வெட்டிவந்து குஞ்சுகளுக்கு முன் தட்டுவது வீட்டாரின் வேலை.

இந்த முறையில் ஒரு கோழி ஆண்டுக்கு ஐம்பது அறுபது முட்டைதான் இடும். தீவனச் செலவு அநேகமாக இல்லை, எனவே கணக்கும் இல்லை. வந்த வருமானம் பெண்களின் சிறுவாட்டுக் காசு. முட்டை விற்ற பணமும் சேவல் விற்ற பணமும் பிள்ளையின் சிலேட்டுக்கும் சீட்டுக்கும் திருவிழாத் துணிக்கும் போனது. கோழி வாங்க முடியாதவர்கள் அடுத்த வீட்டுப் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, பொரித்த குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வளர்ப்பு முறைகளின் வரலாற்றைக் கொட்டகை அளவையும் முட்டை எண்ணிக்கையையும் மட்டும் வைத்து எழுதினால் இந்தப் பக்கம் விடுபட்டுப்போகும்.

கொல்லைப்புற முறையின் பலவீனம் அதன் திறந்த வாசல். பருந்து, கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவற்றுக்குப் போனது போக மிஞ்சிய குஞ்சுகளே கோழியாகும். கோடையில் வரும் வெள்ளைக்கழிச்சல் ஊரையே துடைத்துவிடும். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட இந்த நோய், அடுத்த ஆண்டுவாக்கில் இமயமலை ஊரான ராணிகேத்தில் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயரே இந்தியாவில் நோய்க்கு நிலைத்துவிட்டது. கழுத்து முறுக்கி, கால் இழுத்து, வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிந்து கோழிகள் மடியும். 1940-களில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்திலிருந்து தடுப்பூசி வரும் வரை இதற்கு எதிராக யாரிடமும் எதுவும் இல்லை. ஆயிரம் கோழிகளை ஓரிடத்தில் வைக்கலாம் என்ற எண்ணத்துக்கே அந்தத் தடுப்பூசிதான் வழி திறந்தது. கட்டடத்துக்கு முன்பு ஊசி வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அயல்நாட்டு இனங்கள் முதலில் வந்தது பெரும்பாலும் மிஷனரிகள் வழியாக. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமச் சீரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் பொறுப்பில் தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தது. வெள்ளை லெகார்ன் சேவல்களை நாட்டுப் பெட்டைகளோடு சேர்த்து முட்டையின் அளவைக் கூட்டினார்கள். முட்டைகளை ஒன்றாகச் சேர்த்து விற்கவும் பழக்கினார்கள். விடுதலைக்குப் பின், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், மத்திய அரசு பெங்களூர், பம்பாய், டெல்லி, புவனேஸ்வர், சிம்லா ஆகிய ஐந்து இடங்களில் வட்டாரக் கோழிப்பண்ணைகளை அமைத்தது. லெகார்ன், ரோட் ஐலண்டு ரெட் குஞ்சுகள் அங்கிருந்து ஊர்களுக்குப் பரவின.

லெகார்னோடு ஒரு புதிய சிக்கலும் வந்தது. இந்தக் கோழி அடைக்கு உட்காராது. இடைவிடாமல் முட்டையிடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், அடைகாக்கும் இயல்பே அதனிடம் மங்கிப்போயிருந்தது. உட்காரும் நாட்களில் முட்டை நின்றுபோகும் என்பதால், பண்ணைக்காரருக்கு அது நல்லதாகவே பட்டது. ஆனால் குஞ்சுக்குத் தாய் இல்லாமல் போயிற்று. தாய் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக இயந்திரமும் மனிதரும் ஏற்க வேண்டியிருந்தது. முட்டையைப் புரட்டச் சுழலும் தட்டுகளோடு மின் குஞ்சுபொரிப்பான் வந்தது. உள்ளே வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியசில் நிறுத்தப்படும். இறக்கைச் சூட்டுக்கு மின்விளக்குத் தொங்கும் புரூடர் வந்தது.

புரூடர் வைத்த கொட்டகையில் முதல் வாரம்தான் பண்ணையின் தலையெழுத்து எழுதப்படுகிறது. தகட்டாலோ அட்டையாலோ வட்டமாக ஒரு தடுப்பு. மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருக்கியடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செத்துவிடும் என்பதால் வட்டம். தரையில் உமி, அதன் மேல் செய்தித்தாள், தாளின் மேல் மக்காச்சோளக் குருணை. தாள் இல்லாவிட்டால் குஞ்சு தீனி எது, உமி எது என்று தெரியாமல் உமியைக் கொத்தும். வந்த குஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். வெப்பம் 95 டிகிரி பாரன்ஹீட்டில் தொடங்கி வாரத்துக்கு 5 டிகிரி குறையும். ஆனால் அனுபவமுள்ளவர் வெப்பமானியைப் பார்ப்பதில்லை, குஞ்சுகளைப் பார்ப்பார். விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாய்பிளந்து நின்றால் சூடு. வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில தூங்கினால் சரி. காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் சாக்குப் படுதாவை இறக்கிவிட வேண்டும்.

வளர்ந்த கோழிகளை நான்கு சுவருக்குள் வைக்க முடிந்ததற்குப் பின்னால் ஓர் ஊட்டச்சத்துக் கண்டுபிடிப்பு இருக்கிறது. வெயில் படாத குஞ்சுக்குக் கால் வளைந்து எலும்பு மெலியும். 1920-களில் வைட்டமின் டி பற்றிய அறிவு வந்து, தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்த்ததும் வெயில் இல்லாமலும் கோழி வளர்ந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் அதன் பிறகே ஆழ்கூள முறை உருவாயிற்று. 1950, 60-களில் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது.

ஆழ்கூளம் என்பது தரையில் உமி, கடலைத்தோல், மரத்தூள், தேங்காய்நார்க் கழிவு என்று மலிவாகக் கிடைப்பதைச் சில அங்குலம் பரப்பி, அதையே மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பது. எச்சம் விழ விழக் கோழியே கிளறிக் கலக்கும். நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்யும்; அப்போது உண்டாகும் வைட்டமின் பி12-ஐக் கோழி கூளத்தைக் கொத்தும்போது பெற்றுக்கொள்ளும். கிளறவும் புழுதியில் குளிக்கவும் இம்முறையில் இடம் இருந்தது. முட்டையிட மூலையில் இருட்டுப் பெட்டிகளும் வைத்தார்கள். முட்டைக்கோழிக்குத் தலைக்கு 2 சதுர அடி, கறிக்கோழிக்கு 1 சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் வெயில் உள்ளே விழாது. அகலம் 25, 30 அடியைத் தாண்டினால் நடுவில் காற்று தேங்கும். ஓரத்தில் சிறு சுவர், அதற்கு மேல் கம்பிவலை. இந்த இலக்கணம் இன்றும் மாறவில்லை.

கூளத்தின் பகை ஈரம். தண்ணீர்க் குவளை வழிந்தாலோ மழைச் சாரல் அடித்தாலோ கூளம் கட்டிதட்டும், அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும், இரத்தக்கழிச்சல் கிளம்பும். நோய்க்கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியேறி, ஈரக் கூளத்தில் முதிர்ந்து, கொத்தும் அலகு வழியாகத் திரும்ப உள்ளே போகும். இரண்டு விரலால் கூளத்தை எடுத்துப் பிடித்து உதிர்கிறதா என்று பார்ப்பதும், கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவுவதும் அன்றாட வேலை. வேலையாள் சோம்பினால் கோழி சாகும்.

கம்பிக்கூண்டு இந்தச் சங்கிலியை அறுத்தது. எச்சம் கம்பி இடுக்கு வழியே கீழே விழுந்துவிடுவதால் அலகுக்கும் எச்சத்துக்கும் தொடர்பு இல்லை. குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவில் 1930-களில் தொடங்கிய கூண்டு முறை, தமிழ்நாட்டில் 1980-களில் பரவியது. பரவிய இடம் நாமக்கல்.

அந்த வட்டாரம் மழை குறைந்த மேட்டுநிலம். கிணறு வற்றினால் வெள்ளாமை இல்லை. ஆனால் கோழிக்கு நிலம் தேவையில்லை, கொட்டகைக்குச் சில சென்ட் போதும். காற்றில் ஈரப்பதம் குறைவு என்பது நோயைத் தடுக்கவும் கூளம் உலரவும் சாதகம். 1950-களின் பிற்பகுதியிலிருந்தே லாரிக்குக் கூண்டு கட்டும் தொழில் அங்கே வளர்ந்திருந்ததால், முட்டையை ஏற்ற வண்டி வாசலிலேயே நின்றது. கேரளச் சந்தை ஓர் இரவுப் பயணம். 1971-இல் புனேயில் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து கலப்பினக் குஞ்சுகள் கிடைத்தன. 1982-இல் அவர் முன்னின்று அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்றி, விலையைப் பண்ணையாளர் தரப்பிலிருந்து அறிவிக்கத் தொடங்கியது. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கியது, 2010-இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. பள்ளிப் பிள்ளைகளின் தட்டும் நாமக்கல் கூண்டும் அந்த வகையில் நேராக இணைந்தவை.

நாமக்கல்லின் கூண்டுக் கொட்டகை தரையில் நிற்பதில்லை. ஆளுயரத் தூண்களின் மேல் நடைபாதை போட்டு, இருபுறமும் படிப்படியாகக் கூண்டு வரிசைகள் தொங்கும். கூண்டின் கம்பித் தரை முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். கோழி முட்டையிட்டதும் அது மெல்ல உருண்டு, தீவனத் தொட்டிக்குக் கீழே நீட்டியிருக்கும் கம்பி விளிம்பில் வந்து நிற்கும். கோழி மிதிக்காது, அழுக்காகாது. காலையில் அட்டைகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு ஆட்கள் நடைபாதையில் போய், 30 முட்டைக்கு ஓர் அட்டையாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். எச்சம் கீழே குவிந்து உலர்ந்து, எருவாக வயல்களுக்குப் போகும். தண்ணீர், கொத்தினால் சொட்டும் நிப்பிள் வழியாக வரும். பகல் வெளிச்சத்தோடு விளக்கும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம். அது குறைந்தால் முட்டை குறையும். ஏறத்தாழ 20 வாரத்தில் இடத் தொடங்கும் கோழி, ஆண்டுக்கு 300-க்கு மேல் இடும். மக்காச்சோளமும் சோயாவும் கிளிஞ்சலும் கலந்த தீவனமே செலவில் பெரும்பங்கு. மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் இவ்வளவு பரவியதற்குக் கோழித் தீவனமே காரணம்.

கறிக்கோழி கூண்டுக்குப் போகவில்லை. கனத்த உடம்புக்குக் கம்பித் தரை ஒத்துவராது. மார்பில் புண் விழும், கால் கெடும். அதனால் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் அது கூளத்திலேயே வளர்ந்தது. மாறியது உரிமை. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு தந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வந்ததும் திருப்பி ஒப்படைத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குவார். 1990-களில் உடுமலைப்பேட்டையிலிருந்து பரவிய இந்த ஒப்பந்த முறை இப்போது நாட்டின் பல மாநிலங்களில் நடக்கிறது. சந்தை விழுந்தால் விவசாயிக்கு அடி இல்லை என்பது இதன் பலம். கோழி அவருடையது அல்ல என்பது இதன் விலை. பழைய வாரத்துக் கோழிக்கும் இதற்கும் உள்ள உருவ ஒற்றுமை கவனிக்கத்தக்கது. அங்கே பாதிக் குஞ்சு வளர்த்தவருக்கு மிஞ்சியது.

கூண்டின் கணக்கைக் கோழியின் பக்கத்திலிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். 15 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள கூண்டில் மூன்று கோழி என்றால், தலைக்கு 60 சதுர அங்குலம், அதாவது சுமார் 387 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளின் பரப்பு 624. தாளில் மூன்றில் இரண்டு பங்கு இடம்கூட ஒரு கோழிக்கு இல்லை. அது இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. கிளறுதல், புழுதிக்குளியல், உயரத்தில் அடைதல், மறைவில் முட்டையிடுதல் என்ற நான்கும் அங்கே இல்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தாதிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுடுவது வழக்கமானது. கூளம் தந்த பி12-ஐக்கூடத் தீவனத்தில் கலக்க வேண்டியதாயிற்று. மலிவான முட்டை ஏழை வீட்டுக்குப் போனது உண்மை. அந்த மலிவின் ஒரு பகுதியைக் கோழி தன் உடம்பால் கொடுத்தது என்பதும் உண்மை. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. மனிதருக்கான கடைசிக் கட்ட மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பது 2019-இல் தடை செய்யப்பட்டது. நெருக்கத்தின் இன்னொரு ஆபத்தை 2006 பிப்ரவரி காட்டியது. மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லிலும் முட்டை தேங்கியது.

நாட்டுக்கோழி இதற்கிடையில் மறைந்துவிடவில்லை. சிறுவிடை எனப்படும் சிறிய இனத்துக்கும் பெருவிடைக்கும் சந்தையில் கறிக்கோழியைவிடக் கூடுதல் விலை கிடைப்பதால், பகலில் வேலி போட்ட மரநிழலில் மேயவிட்டு இரவில் கொட்டகையில் அடைக்கும் மேய்ச்சல் முறை பல ஊர்களில் நடக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், கொல்லைப்புறத்துக்கு ஏற்ற நந்தனம் கோழி ரகங்களை உருவாக்கியது. பிடித்து ஊசி போட முடியாத கோழிக்காக, தீவனத்தோடு விழுங்கும் குருணை வடிவில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தையும் அது தயாரித்திருக்கிறது. பஞ்சாரக் காலத்தின் மிகப் பெரிய குறைக்கு அதுதான் விடை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு அது கிடைத்திருந்தால், நாட்டுக்கோழியைக் கைவிட்டு லெகார்னுக்கு மாறும் அவசரம் அவ்வளவு இருந்திருக்காது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழியினப் பறவைகள் 85 கோடி. அதில் 12 கோடிக்கு மேல் வைத்து முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. நாடு முழுவதிலும் உள்ள அந்த 85 கோடியில் 31 கோடிக்கும் மேல் இன்னும் கொல்லைப்புறத்தில், மண்ணில் கிளறியே வளர்கின்றன.